80 விழுக்காடு வெற்றி: ஒரு பங்கு வடிகட்டியைச் சோதித்துப் பார்ப்போம்

"எங்கள் வடிகட்டி கடந்த ஆண்டு 15 முறை சமிக்ஞை தந்தது. 12 முறை இலாபம். வெற்றி விகிதம் 80 விழுக்காடு!"

டெலிகிராம் குழு ஒன்றில் சுற்றிய இந்தப் படத்தைப் படிவம் 5 மாணவர் ஒருவர் என்னிடம் காட்டினார். அவருடைய மாமா அந்தக் குழுவில் சேர 300 ரிங்கிட் கட்டணம் செலுத்தத் தயாராக இருந்தாராம். "கணக்கு சரியாகத்தானே இருக்கு, சார்? 15இல் 12 என்றால் 80 விழுக்காடுதானே?"

வகுத்தல் சரிதான். அந்த 15 எங்கிருந்து வந்தது என்பதுதான் படத்தில் இல்லை. அதைத் தேடிப் போனால் அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் கருதுகோள், மாறி, கட்டுப்பாட்டுச் சோதனை எல்லாமே வரிசையாக எதிரே வந்து நிற்கின்றன. பங்கு வாங்குவதற்கான கட்டுரை அல்ல இது. பங்குச் சந்தைக் கணக்கு தொடங்க உங்களுக்கு 18 வயதாக வேண்டும். ஆனால் ஒரு கூற்றைச் சோதிக்க வயது தடையில்லை.

பூர்சா மலேசியாவில் ஏறத்தாழ ஆயிரம் நிறுவனங்களின் பங்குகள் விற்கப்படுகின்றன. தினமும் மாலையில் ஆயிரம் வரைபடங்களை யாராலும் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால் சில நிபந்தனைகளை எழுதி, அவற்றுக்குப் பொருந்தும் பங்குகளை மட்டும் கணினியிடம் கேட்கிறார்கள். மாவு சலிக்கும் சல்லடை போன்ற இதைத்தான் வடிகட்டி, அல்லது ஸ்கிரீனர், என்கிறோம். சில நாள் முதல் சில வாரம் வரை மட்டும் பங்கைக் கையில் வைத்திருந்து விற்பதற்குப் பெயர் ஸ்விங் டிரேடிங். ஊஞ்சல் ஆடுவதுபோல் விலை ஏறி இறங்கும்போது அந்த ஆட்டத்தின் ஒரு துண்டைப் பிடிப்பது நோக்கம். வடிகட்டி முன்பே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பழைய விலைகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது பேக்டெஸ்ட்.

முதலில் விதியை எழுதுவோம்

நாமே ஒரு வடிகட்டியைக் கட்டுவோம். இன்றைய முடிவு விலை, கடந்த 20 வணிக நாள்களின் முடிவு விலைகள் எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்க வேண்டும். இன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, கடந்த 20 நாள் சராசரியைப் போல் குறைந்தது 2 மடங்கு இருக்க வேண்டும். அந்தச் சராசரியும் நாளுக்குப் பத்து இலட்சம் பங்குகளுக்குக் குறையக்கூடாது. யாருமே வாங்கி விற்காத பங்கில் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. இந்த மூன்றும் பொருந்தினால் வாங்குகிறோம். வாங்கிய விலையிலிருந்து 5 விழுக்காடு இறங்கினால் விற்றுவிடுகிறோம். இறங்காவிட்டால் 10 வணிக நாள் கழித்து விற்கிறோம்.

இதில் 'நல்ல பங்கு', 'வலுவான ஏற்றம்' போன்ற சொற்கள் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சோதித்தாலும் நான் சோதித்தாலும் ஒரே விடை வர வேண்டும். வரைபடத்தைக் கண்ணால் பார்த்து "இங்கே வாங்கியிருப்பேன்" என்று சொல்வது சோதனை ஆகாது. பின்னால் விலை ஏறியது கண்ணுக்குத் தெரிந்த பிறகு எல்லாரும் அங்கேதான் வாங்கியிருப்பார்கள்.

விதிக்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்க வேண்டும். நம் கருதுகோள் இது: ஒரு நிறுவனத்தைப் பற்றிய நல்ல செய்தி எல்லாரையும் ஒரே நேரத்தில் சென்றடைவதில்லை, முதலில் அறிந்தவர்கள் வாங்கும்போது அளவும் விலையும் சேர்ந்து உயர்கின்றன, பிறகு அறிபவர்கள் அடுத்த சில நாள்களில் வாங்குவார்கள். இது தவறாகவும் இருக்கலாம். ஆனால் தவறு என்று காட்ட இடமிருக்கிறது, அதனால் இது அறிவியலுக்குள் வருகிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கும். இடைநிலைப்பள்ளிக்கு வந்தபின் அவையே 'பெம்போலே உபா' என்று பெயர் மாறிக்கொண்டன. இங்கே தற்சார்பு மாறி, பங்கைத் தேர்ந்தெடுக்கும் முறை. சார்பு மாறி, 10 நாளில் கிடைத்த இலாபம் அல்லது நட்டம். கட்டுப்படுத்த வேண்டியது எது? சந்தையின் பொதுவான போக்கு. எல்லாப் பங்குகளும் ஏறிய ஆண்டில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவரும் வென்றிருப்பார்.

ஆகவே ஒரு கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். நம் வடிகட்டி வாங்கிய அதே நாள்களில், அதே பட்டியலிலிருந்து, குலுக்கல் முறையில் வேறு பங்குகளைக் கணினி வாங்கட்டும். அதே விதிப்படி விற்கட்டும். இதை 1,000 முறை செய்தால் 1,000 குருட்டு முடிவுகள் கிடைக்கும். நம் வடிகட்டி அவற்றுள் 950ஐயாவது முந்தினால்தான் அதைப் பற்றி மேலும் பேசலாம். மருந்துச் சோதனையில் போலி மாத்திரை செய்யும் வேலையை இங்கே குலுக்கல் செய்கிறது. விளம்பரப் படங்களில் நான் ஒருமுறைகூடக் காணாத பகுதி இதுதான்.

அழுக்கான தரவு

2020 செப்டம்பரில் டாப் குளோவ் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு, வைத்திருந்த ஒவ்வொரு பங்குக்கும் 2 புதிய பங்குகளை இலவசமாகத் தந்தது. 1 பங்கு 3 ஆனது. விலை மூன்றில் ஒரு பங்கானது. பெரிய பீட்சாவை 3 துண்டாக்கியதுபோல, பங்குதாரருடைய சொத்தில் மாற்றமில்லை. ஆனால் சரிசெய்யப்படாத விலைப் பட்டியலை மட்டும் பார்க்கும் கணினிக்கு இது தெரியாது. ஒரே இரவில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு காணாமல் போனதாக அது நினைத்து, 5 விழுக்காடு நட்ட விதிப்படி விற்றுவிடும்.

இன்னொரு பொறியும் அதே நாளில் காத்திருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை 3 மடங்கானால், அதே ரிங்கிட் மதிப்புள்ள வணிகத்துக்கு 3 மடங்கு பங்குகள் கைமாற வேண்டும். நம் இரண்டாவது நிபந்தனை 'அளவு 2 மடங்கு' என்றல்லவா கேட்கிறது? எந்தப் புதிய ஆர்வமும் இல்லாமலேயே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். ஆய்வுக்கூடத்தில் தராசைச் சுழியாக்காமல் எடை போட்டால் என்ன ஆகுமோ அதுதான். பழைய விலைகளையும் அளவுகளையும் இத்தகைய நிகழ்வுகளுக்கு ஏற்பத் திருத்திய பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். இலாப ஈவுக்கான உரிமை நீங்கும் நாளில் விலை ஏறத்தாழ அந்த அளவுக்குக் கீழே இறங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரும்பி வராத விமானங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழு ஒன்றில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் பணியாற்றினார். போருக்குச் சென்று திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற தரவு அவர்களிடம் இருந்தது. துளைகள் அதிகம் உள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் எண்ணிப் பார்த்தது திரும்பி வராத விமானங்களை. ஓரிடத்தில் அடிபட்டும் விமானம் திரும்பி வருகிறது என்றால் அந்த இடம் தாங்குகிறது என்று பொருள். திரும்பியவற்றில் துளையே காணப்படாத இடம்தான் ஆபத்தான இடம்.

பேக்டெஸ்ட் செய்பவர் பெரும்பாலும் இன்றைய பங்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு 10 ஆண்டு பின்னால் போகிறார். இன்றைய பட்டியலில் இருப்பவை திரும்பி வந்த விமானங்கள். மலேசிய ஏர்லைன்ஸ் பங்கு அதில் இல்லை. 2014இல் கசானா நிறுவனம் மற்றப் பங்குதாரர்களிடமிருந்து ஒரு பங்கை 27 சென்னுக்கு வாங்கிக்கொள்ள, அந்த ஆண்டின் இறுதியில் அது சந்தையை விட்டு வெளியேறியது. சிங்கப்பூரில் நீர்ச் சுத்திகரிப்புக்குப் பேர்போன ஹைஃப்ளக்ஸ் நிறுவனத்தின் பங்கு 2018 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. 2021இல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை போன்றவை பட்டியலில் இல்லாத பேக்டெஸ்டில் எல்லாக் கதைகளும் நன்றாக முடிகின்றன.

'பெரிதாக விழுந்த பங்கை வாங்கு, மீண்டும் எழும்' என்ற வகை வடிகட்டிகளுக்குத்தான் இந்தக் குறை மிகவும் சாதகம். விழுந்து எழுந்தவை பட்டியலில் இருக்கின்றன. விழுந்து எழாதவை பெயரோடு சேர்ந்து அழிந்துவிட்டன. இன்றைய பட்டியலை மட்டும் பார்த்தால் விழுந்தவை எல்லாம் எழுந்ததாகவே தோன்றும்! அந்தந்த ஆண்டில் சந்தையில் இருந்த எல்லா நிறுவனங்களின் பட்டியலும் வேண்டும். அது எளிதில் கிடைக்காது, பெரும்பாலும் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இலவச இணையக் கருவிகளின் முடிவுகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாளைய செய்தித்தாள்

எதிர்காலத்தை எட்டிப் பார்க்கும் பிழை இன்னும் நுட்பமானது. நம் வடிகட்டி இன்றைய முடிவு விலையையும் இன்றைய மொத்த அளவையும் கேட்கிறது. பூர்சாவில் அந்த நாளின் வணிகம் மாலை 5 மணிக்குத்தான் முடிகிறது. அப்படியானால் இன்றைய முடிவு விலையிலேயே வாங்கியதாக எப்படிக் கணக்குப் போட முடியும்? அது தெரிந்தபோது கடை மூடிவிட்டது. மறுநாள் காலைத் தொடக்க விலையில்தான் வாங்க முடியும். நல்ல செய்தி வந்த பங்கு மறுநாள் காலையிலேயே சில விழுக்காடு மேலே தொடங்கும். வடிகட்டியின் 'இலாபம்' முழுவதும் அந்த ஓர் இரவில் ஒளிந்திருந்திருக்கலாம்.

நிறுவனத்தின் இலாபத்தை நிபந்தனையாக வைக்கும் வடிகட்டிகளில் இது இன்னும் பெரிய ஓட்டை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 2 மாதத்துக்குள் கணக்கை அறிவித்தால் போதும். மார்ச் 31இல் முடியும் காலாண்டின் இலாபம் மே மாதக் கடைசியில்கூட வெளிவரலாம். ஆனால் பல தரவுத்தளங்களில் அந்த எண் மார்ச் 31 என்ற தேதிக்கு நேராகவே பதிவாகியிருக்கும். கணினி ஏப்ரல் முதல் நாளிலேயே அதைப் படித்து வாங்கிவிடும், யாருக்கும் தெரியாத செய்தியை வைத்து! வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வெழுதியவரின் புள்ளிகளுக்கு உள்ள மதிப்புதான் அந்தப் பேக்டெஸ்டுக்கும்.

சில்லறை தின்னும் இலாபம்

விளம்பரத்தில் உள்ள 15 வணிகங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் 1,000 ரிங்கிட் போட்டதாக வைத்துக்கொள்வோம். 12 வெற்றிகளில் ஒவ்வொன்றும் 2 விழுக்காடு இலாபம் தந்தால் 240 ரிங்கிட். 3 தோல்விகளில் ஒவ்வொன்றும் 10 விழுக்காடு நட்டம் என்றால் 300 ரிங்கிட். 80 விழுக்காடு வென்றும் 60 ரிங்கிட் நட்டம். வெற்றி விகிதத்தை மட்டும் சொல்லி, சராசரி இலாபத்தையும் சராசரி நட்டத்தையும் சொல்லாமல் விட்ட படம் பாதிப் படம்தான்.

இத்தோடு முடியவில்லை. தரகு நிறுவனம் ஒரு முறைக்குக் குறைந்தது 8 ரிங்கிட் எடுப்பதாகக் கொள்வோம். 1,000 ரிங்கிட்டுக்கு முத்திரை வரி 1 ரிங்கிட், தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 30 சென். ஆக 9 ரிங்கிட் 30 சென். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை: 18 ரிங்கிட் 60 சென். 15 வணிகங்களுக்கு 279 ரிங்கிட். 60 ரிங்கிட் நட்டம் இப்போது 339 ரிங்கிட் ஆகிவிட்டது. குழுக் கட்டணம் 300 தனி.

மலிவான பங்குகளில் இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. 1 ரிங்கிட்டுக்குக் குறைந்த பங்குகளின் விலை பூர்சாவில் அரை சென் படிகளில்தான் நகரும். ஒரு பங்கை வாங்க மற்றவர்கள் 10 சென் தருகிறார்கள், விற்பவர்கள் 10.5 சென் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.5க்கு வாங்கி அடுத்த நொடியே விற்றால் 10 சென்தான் கிடைக்கும். விலை அசையாமலேயே ஏறத்தாழ 4.8 விழுக்காடு போய்விட்டது. நம் 5 விழுக்காடு நட்ட விதி, வாங்கிய கணத்திலேயே கதவைத் தட்டுகிறது. எக்செல் விரிதாளில் 10 சென்னுக்கே வாங்கி 10 சென்னுக்கே விற்கும் அந்தச் சுகம் சந்தையில் கிடையாது.

நாற்பது நாணயங்கள்

தரவு சுத்தம், செலவும் கழித்தாயிற்று. அப்படியும் 15இல் 12 வெற்றி என்றால் நம்பலாமா? இங்கே நிகழ்தகவு பாடத்தை எடுங்கள்.

எந்தத் திறமையும் இல்லாத வடிகட்டி ஒன்று, நாணயம் சுண்டுவதுபோல், பாதிக்குப் பாதி வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். 15 முறை சுண்டினால் மொத்தம் 32,768 வகை வரிசைகள் வரலாம். அவற்றுள் 12 தலை வருபவை 455, 13 வருபவை 105, 14 வருபவை 15, பதினைந்துமே தலையாக வருவது 1. கூட்டினால் 576. அதாவது 12 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு சுமார் 1.76 விழுக்காடு, 57இல் ஒன்று. இவ்வளவு அரிதானது தற்செயலாக நடந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும்.

இப்போது 40 மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் 15 முறை சுண்டட்டும். யாராவது ஒருவருக்காவது 12 தலை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒருவருக்கும் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 0.9824இன் 40ஆம் அடுக்கு, ஏறத்தாழ 0.49. ஆகவே ஒருவருக்காவது கிடைப்பது 51 விழுக்காடு. பாதிக்குச் சற்று மேல்! அந்த மாணவரை மட்டும் மேடையேற்றி, மற்ற 39 பேரை மறைத்துவிட்டால், 'நாணயம் சுண்டுவதில் 80 விழுக்காடு வெற்றி' என்று விளம்பரம் தயார்.

மறைந்த 39 பேர் வடிகட்டியில் எங்கே இருக்கிறார்கள்? நம் விதியில் '20 நாள்' என்று எழுதினோம். ஏன் 20? 10, 30, 40, 50 என்றும் பார்க்கலாமே: 5 வழிகள். அளவு 1.5, 2, 2.5, 3 மடங்கு: 4 வழிகள். நட்ட எல்லை 3, 5, 7, 10 விழுக்காடு: 4 வழிகள். வைத்திருக்கும் காலம் 5, 10, 15, 20 நாள்: 4 வழிகள். பெருக்கினால் 320. கணினிக்கு இது சில நிமிட வேலை. 320 வடிகட்டிகளும் வெறும் நாணயங்களே என்றாலும், 5 விழுக்காடு எல்லையில் சராசரியாக 16 'நிரூபிக்கப்பட்டதாக' வெளிவரும். அவற்றுள் மிக அழகானதைப் படம் பிடித்தால் போதும். யாரும் பொய் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம்கூடத் தேவையில்லை. எத்தனை முறை முயன்றோம் என்பதை எழுதி வைக்காமல் விட்டாலே போதும்.

இந்த மீன்பிடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை டேவிட் லைன்வெபர் வேடிக்கையாகக் காட்டினார். அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீட்டுக்கு எது பொருந்துகிறது என்று அனைத்துலகத் தரவுகளில் தேடினார். வங்காளதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி நன்றாகவே பொருந்தியது. அமெரிக்கப் பாலாடைக்கட்டி உற்பத்தியையும் இரு நாடுகளின் ஆட்டு எண்ணிக்கையையும் சேர்த்ததும் பொருத்தம் 99 விழுக்காடு ஆனது. நகைச்சுவையாகச் செய்த இந்தக் கணக்கைப் பற்றி மேல்விவரம் கேட்டு உண்மையிலேயே அவரிடம் ஆட்கள் வந்தார்களாம்.

15 வணிகங்கள் உண்மையில் 15 சோதனைகள்தாமா என்பதும் ஒரு கேள்வி. ஒரே செடியிலிருந்து 10 இலைகளைப் பறித்து அளந்துவிட்டு 10 செடிகளைச் சோதித்தேன் என்று யாரும் ஆய்வறிக்கையில் எழுதினால் நான் சிவப்பு மையால் வட்டமிடுவேன். 2020இல் பெருந்தொற்றின்போது டாப் குளோவ், ஹார்த்தலேகா, கோசான், சூப்பர்மேக்ஸ் ஆகிய கையுறை நிறுவனங்களின் பங்குகள் சேர்ந்தே ஏறின. அந்த நான்கையும் வாங்கி வென்ற வடிகட்டி 4 முறை சரியாகச் சொல்லவில்லை. ஒரே கதையை 4 முறை எண்ணியிருக்கிறது. அந்தப் பங்குகள் பிறகு வந்த வழியே இறங்கின. 2022இன் பிற்பகுதியில் டாப் குளோவ் 1 ரிங்கிட்டுக்கும் கீழே வந்தது. 2020ஐ மட்டும் சோதித்தவருக்கு இது தெரிந்திருக்காது.

90 ஆண்டுத் தரவில் நடந்தது

இதெல்லாம் டெலிகிராம் குழுக்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1992இல் வில்லியம் புரொக், யோசப் லகோனிஷோக், பிளேக் லெபரோன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 26 வணிக விதிகளை எடுத்துக்கொண்டார்கள். நகரும் சராசரி விதிகளும், நாம் மேலே கட்டியதைப் போன்று பழைய உச்சத்தைத் தாண்டும் விதிகளும் அவற்றில் இருந்தன. 1897 முதல் 1986 வரை 90 ஆண்டுகளின் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் சோதித்தார்கள். விதி 'வாங்கு' என்று சொன்ன நாள்களுக்குப் பின் கிடைத்த ஆதாயம், 'விற்றுவிடு' என்று சொன்ன நாள்களுக்குப் பின் கிடைத்ததைவிட அதிகமாக இருந்தது. இத்தகைய விதிகளை ஜோசியம்போல் ஒதுக்கிவந்த பல்கலைக்கழகங்களுக்கு அது பெரிய செய்தி.

ஆனால் அந்த 26 விதிகள் எப்படிப் புகழ்பெற்றன? பல தலைமுறை வணிகர்கள் ஆயிரக்கணக்கான விதிகளை முயன்று கைவிட்ட பிறகு எஞ்சியவை அவை. விதிகளிலும் திரும்பி வந்த விமானங்கள் உண்டு. 1999இல் ரயன் சல்லிவன், ஆலன் டிமர்மன், ஹால்பர்ட் வைட் ஆகியோர் மறைந்திருந்த நாணயங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். 7,846 விதிகளை ஒன்றாகச் சோதித்து, இத்தனை பேரில் முதலிடம் பெற்றவரின் புள்ளி தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று கேட்டார்கள்.

விடை நான் எதிர்பார்த்ததுபோல் எளிமையாக இல்லை. அதனால்தான் இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். 1986 வரையிலான தரவில், அத்தனை கடுமையான திருத்தத்துக்குப் பிறகும் மிகச் சிறந்த விதி தேர்ச்சி பெற்றது. ஏதோ ஒன்று அங்கே உண்மையாகவே இருந்திருக்கிறது. பிறகு, முதல் ஆய்வாளர்கள் தொட்டுப் பார்க்காத 1987 முதல் 1996 வரையிலான 10 ஆண்டுகளை எடுத்தார்கள். அதே விதி அங்கே எதையும் சாதிக்கவில்லை.

காரணம் பலவாக இருக்கலாம். கணினியும் மலிவான வணிகமும் வந்து, எல்லாரும் அதே வாய்ப்பைத் தேடியதும் அது கரைந்திருக்கலாம். இயற்பியலிலிருந்து சந்தை வேறுபடும் இடம் இது. ஊசல் ஆடும் நேரத்துக்கான சூத்திரத்தைப் பாடநூலில் அச்சிட்டதால் ஊசல் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. சந்தை மாற்றிக்கொள்ளும். டேவிட் மெக்லீன், ஜெஃப்ரி பான்டிஃப் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கல்விசார் இதழ்களில் வந்த 97 பங்குத் தேர்வு முறைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த காலத்துக்கு வெளியே அவற்றின் ஆதாயம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. கட்டுரையாக வெளிவந்த பிறகு 58 விழுக்காடு குறைந்திருந்தது.

குவாண்டோபியன் என்ற அமெரிக்க நிறுவனம் பொதுமக்கள் தங்கள் வணிக நிரல்களை எழுதிச் சோதிக்க ஒரு தளம் நடத்தியது. அங்கே எழுதப்பட்ட 888 நிரல்களை 2016இல் அதன் ஆய்வாளர்களே எடுத்துப் பார்த்தார்கள். பேக்டெஸ்டில் பெற்ற புள்ளிக்கும் பிறகு நடந்ததற்கும் உள்ள பொருத்தம் 0.025க்கும் குறைவு; 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. அதிலும், தன் நிரலை அதிக முறை பேக்டெஸ்ட் செய்து மெருகேற்றியவருக்குத்தான் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடைவெளி அதிகம். 2020இல் அந்தத் தளம் மூடப்பட்டது.

உறைக்குள் வைக்க வேண்டியது

கணித அல்லது அறிவியல் மன்றத்தில் இதை ஒரு செயல்திட்டமாகச் செய்ய விரும்புபவர்களுக்கு: பணம் வேண்டாம், விரிதாளும் பொறுமையும் போதும். விலைத் தரவைத் தொடும் முன்பே விதியையும் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதித் தேதியிடுங்கள். தரவை இரண்டாக வெட்டுங்கள். 2010 முதல் 2018 வரை உங்கள் விளையாட்டுத் திடல். எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிப் பாருங்கள், ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கோடு போட்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். 2019க்குப் பிந்தைய தரவை வேறொரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். கையில் இருந்தால் மனம் கேட்காது. 20 நாள் விதி நன்றாக வேலை செய்கிறது என்றால் 18, 19, 21, 22 நாள்களையும் பாருங்கள். 20இல் மட்டும் இலாபம், இரண்டு பக்கமும் நட்டம் என்றால் நீங்கள் பிடித்திருப்பது தற்செயல். குலுக்கலோடு ஒப்பிடுங்கள், செலவைக் கழியுங்கள்.

பெரியவர்கள் யாராவது குழுவில் சேரப் போவதாகச் சொன்னால் கேட்க உங்களிடம் இப்போது கேள்விகள் இருக்கின்றன: எத்தனை விதிகளை முயன்ற பிறகு இந்த விதி கிடைத்தது? மூடப்பட்ட நிறுவனங்கள் சோதனையில் உண்டா? செலவு கழித்த கணக்கா? நம் நாட்டில் முதலீட்டு ஆலோசனை தருவதைத் தொழிலாகச் செய்ய செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமம் வேண்டும்; உரிமம் இல்லாமல் இயங்குபவர்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றையும் அது தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அதைப் பார்க்க 2 நிமிடம் போதும்.

எல்லாம் முடிந்தபின் நண்பரிடமிருந்து உறையை வாங்கி, விதியை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். வந்த விடையை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உறையைத் திறந்த தேதியோடு எழுதுங்கள். அதன் பிறகு விதியில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் அந்த உறை பழைய தரவாகிவிடும். அடுத்த சோதனைக்கு இனி வரப்போகும் மாதங்கள்தாம் மிச்சம்.